ஒன்பதடிக்குள் ஊரையே உட்காரவைத்த வேதா மேடத்துக்கு

சேலையூர் நேர்கோடு கட்டட வரைவகத்தின் பணியாளர்களாகிய நாங்கள், நூறடி அளவு நாடாவின் மேலும், ரசமட்டத்தின் மேலும், இதுநாள்வரை அங்கீகாரம் பெற்ற அத்தனை வரைபடங்களின் மேலும் கை வைத்துச் சத்தியம் செய்து சொல்கிறோம்: இம்மடலில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒவ்வோர் எண்ணும் அளந்தது, ஓரிடத்திலும் ஓர் அங்குலம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாடு முடிந்த பிறகு வந்து கேட்கலாம்.

அகலமில்லா மனைக்கும் அழகு தந்த அம்மையே! முட்டுச்சந்தின் முனையிலும் முற்றம் கண்ட முதல்வியே! காற்றுக்குக் கதவும், கதிருக்குச் சாளரமும், கட்டிலுக்கு மூலையும், காலுக்கு வழியும் கண்டுதந்த கலைச்செல்வியே! மாடிப்படிக்கு அடியில் பூசையறையும், பூசையறைக்கு மேல் புத்தக அலமாரியும், அலமாரிக்குப் பின்னால் சர்க்கரை வியாதிக்காரருக்குத் தெரியாமல் மைசூர்பாகு வைக்க ஒரு மாடமும் அமைத்த மதியூகியே! வணக்கம், வணக்கம், இடம் இருந்தால் இன்னொரு வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் ஓய்வு பெறுபவரை நேரே பார்த்துத் ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று படிப்பதே முறை. நாங்களும் அப்படித்தான் எழுதினோம். முந்தாநாள் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து அறையிலிருந்து மேடம், “அது பத்தடி இல்லப்பா, ஒன்பதே முக்கால்” என்று குறுக்கிட்டுத் திருத்தினார். அடுத்த பத்தியில் இன்னொரு திருத்தம். மூன்றாவது பத்தியில் எங்கள் பேனாவே அவர் கைக்குப் போய்விட்டது. ஆகவே மேடத்தை மேடையில் அமர்த்திவிட்டு, சபையோராகிய உங்களைப் பார்த்து அவரைப் பற்றிச் சொல்வது என்று தீர்மானித்துவிட்டோம். மேடம் காதில் விழாதது போல் மாலையை நுகர்ந்துகொண்டிருக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

சபையோரே! சிட்லபாக்கத்திலிருந்து கையில் ஒரு டிபன் பையும் தோளில் ஒரு வரைபடக் குழாயுமாக முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வரைவகத்தின் படியேறியவர் வேதா மேடம். கட்டடக் கலையை அவர் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டும், தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் ஆறு ஆண்டும் பயின்றார். மூன்று பேர் அமரும் பலகையில் நான்காமவர் வந்து, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா” என்றதும் எங்கிருந்தோ ஓர் இடம் பிறக்கிறதே, அந்த இடம் அதற்கு முன் எங்கே இருந்தது? இந்தக் கேள்வி குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே அவர் மனத்தில் எழுந்தது. அதற்குப் பிறகு பணிக்காலம் முழுவதும் அவர் வரைந்தது அதற்கான விடைதான்.

மனையை அளப்பதற்கு முன் மனிதரை அளப்பார். சாப்பிடும்போது முழங்கை எவ்வளவு விரிகிறது, சண்டை போடும்போது எவ்வளவு விரிகிறது என்று இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்வார். சிட்லபாக்கத்தில் சத்யநாராயணன் என்று ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். பன்னிரண்டடி அகல மனை. செய்தித்தாளை அவர் முழுசாக விரித்தால் மூன்றடி வேண்டும் என்று அளந்து, சாளரத்தோரம் சரியாக மூன்றடிக்கு ஒரு மாடத்தை ஒதுக்கித் தந்தார் மேடம். அந்த மாடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் வியாழக்கிழமைப் பேப்பரை ஞாயிற்றுக்கிழமை வரை படித்தார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் கஸ்தூரிரங்கன் என்பவருக்குப் பத்தரையடி மனையில் ஒரு வீடு. பட்டப்பகலில் அங்கே நுழைந்த திருடன், எங்கும் தோள் இடிக்காமல், எதிலும் கால் தட்டாமல், வேண்டியதெல்லாம் கைக்கெட்டிய இடத்தில் இருக்கக் கண்டு, எதையும் எடுக்க மனம் வராமல் ஹாலில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாலு மணிக்குக் காபி கேட்டான். பிற்பாடு பெருங்களத்தூரில் அவனுக்கும் மேடம்தான் வீடு வரைந்தார். முன்கதவுக்கு மூன்று பூட்டு வேண்டும் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான்.

இதெல்லாம் சிறு செய்தி. மேடத்தின் பெயர் தென்புறநகர் முழுக்கப் பரவியதற்குக் காரணம் அவருடைய மாவு வீடு.

மாவு வீடு என்பது இதுதான். காகிதத்தில் கோடு போடுவதற்கு முன், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த காலி மனையில், கோலமாவால் அசல் அளவில் அந்த வீட்டை மேடம் தரையில் வரைந்துவிடுவார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கோட்டில் ஓர் இடைவெளி. குடும்பத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பு, பாய், பாத்திரத்தோடு வந்து, அந்தி சாயும்வரை அதற்குள் வாழ வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று மேடம் ஓரமாக நின்று குறிப்பார். நாடா பிடிக்கும் ஆபேல் விசிலோடு நிற்பார். யாராவது கோட்டை மிதித்தால் ஊதுவார். “சார், சுவத்துக்குள்ள நடக்கறீங்க” என்று மேடம் குரல் கொடுப்பார். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கோடு என்றால் சுவர், சுவருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இந்தச் சட்டத்தைப் பூனைகள்கூட மதித்தன. கதவு இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உள்ளே வந்தன. ஒருமுறை கேபிள் டிவிக்காரர் வந்து, ஒயரை எந்த ஜன்னல் வழியாக இழுப்பது என்று கேட்டு நின்றார். இன்னொருமுறை ஒரு குடும்பம் சாயங்காலம் வீட்டைக் காலி பண்ண மனமில்லாமல் அழுதது. வீட்டு எண் ஒட்ட வந்த அலுவலர் ஒருவர், காலிங் பெல் எங்கே என்று தேடி வெயிலில் அரைமணி நேரம் நின்றதை நாங்களே கண்ணால் கண்டோம்.

அந்த மாவு வீட்டு வரலாற்றில் முதன்மையானது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கோவிலம்பாக்கத்து ஒற்றைச் சுவர் விவகாரம். அதைச் சொல்லாமல் இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டால், சட்டத்துக்குத்தான் கேவலம்.

ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, நீலாங்கரைக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் பூவம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல உயரம், ஐந்தே முக்காலடி. கோவிலம்பாக்கத்தில் ஒன்பதடி அகலம், ஐம்பதடி நீளம் மனை. நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

“மேடம், எனுக்கு ஒரு வூடு வோணும். மாடி வாணாம், பால்கனி வாணாம். நாள் பூரா குந்திகினு மீன் அரிஞ்சா முட்டி ரெண்டும் கல்லாய்டுது. வூட்டுக்கு வந்தா செவுத்துல சாஞ்சி காலை நீட்டி உக்காரணும். ஒருத்தனும் என் காலைத் தாண்டிப் போவக் கூடாது. அவ்ளோதான்.”

“இப்ப எப்படி உக்காருவீங்க?”

“இப்ப கீற வூடு தீப்பெட்டி. காலை நீட்டினா கதவுக்கு வெளிய போய்டுது. தெருவுல ஆட்டோ வந்தா மடக்கிக்கணும்.”

மேடம் அவரைத் தரையில் உட்காரவைத்து, சுவரிலிருந்து குதிகால்வரை அளந்தார். மூன்றே முக்காலடி.

அதே வாரம் வெள்ளிக்கிழமை இன்னொரு பெண்மணி. பெயர் சரசு, அவரும் நீலாங்கரைக் குப்பம், அவரும் மீன், அவருக்கும் கோவிலம்பாக்கத்தில் ஒன்பதுக்கு ஐம்பது மனை. குள்ளம், ஆனால் கையும் வாயும் வேகம்.

“எனுக்கு ஒரே ஒரு ஆசை மேடம். இடுப்புல அன்னக்கூடைய வெச்சிகினு வூட்டுக்குள்ள ஒரு ரவுண்டு திரும்பணும். எங்கியும் டொம்முனு இடிக்கக் கூடாது. இப்ப நான் திரும்பினா நாலு வூட்டுக்குத் தெரியும், சரசு வந்துட்டான்னு.”

கூடையோடு அவரை ஒரு சுற்று சுற்றவிட்டு அளந்தார் மேடம். ஐந்தடி வட்டம்.

“பக்கத்து மனை யாருது?” என்று மேடம் இரண்டு பேரையும் கேட்டிருந்தார். பூவம்மாள், “யாரோ” என்றார். சரசுவும், “யாரோ” என்றார். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. பூவம்மாளின் கணவர் லோகு, சரசுவின் கணவர் குமரவேல், இருவரும் உடன்பிறந்தவர்கள். அப்பா வாங்கிப் போட்ட பதினெட்டடி மனையை ஆளுக்கு ஒன்பதடியாகப் பிரித்துக்கொண்டவர்கள். ஆக, அந்த இரண்டு ‘யாரோ’க்களும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள்! அதற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காதுகுத்தில், நூறு பேர் நடுவே, பூவம்மாளின் நெத்திலிக் குழம்பில் மண் இருக்கிறது என்று சரசு சொல்லிவிட்டார். மீனை மண் போக அலசத் தெரியவில்லை என்று மீன்காரியைப் பார்த்துச் சொல்வது சின்ன விஷயமல்ல. அன்றோடு பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் ஒரே படகில்தான் தொழிலுக்குப் போனார்கள். கடலில் பேசிக்கொள்வார்கள், கரைக்கு வந்ததும் பேசமாட்டார்கள்.

இனி வருவது கணக்கு, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறோம். ஒன்பதடியில், காற்றுக்கும் சாளரத்துக்கும் வெளிப்பக்கம் ஒன்றரையடி விட வேண்டும். ஓரகத்தியின் மனைப்பக்கம், முகத்தில் முழிக்காமல் இருக்க, இன்னொரு ஒன்றரையடி. இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து ஒன்றரையடி தின்னும். மிச்சம் வீட்டுக்குள் நாலரையடி. அதில் பூவம்மாள் காலை நீட்டினால், எதிர்ச்சுவருக்கும் அவர் குதிகாலுக்கும் நடுவே முக்காலடி. அதில் பூனை போகலாம், லோகு போக முடியாது. சரசுவின் கூடையோ ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை இடிக்கும். ஆனால் இரண்டு பேரும் நடுவில் இடைவெளியே விடாமல், எல்லைக் கோட்டின் மேல் ஒரே சுவரைப் பொதுச்சுவராக எழுப்ப ஒப்புக்கொண்டால்? ஆளுக்கு ஆறடி நாலரை அங்குலம்! கால் நீளும், கூடை சுழலும், குறுக்கே குடம் தூக்கிக்கொண்டு போகலாம். வேண்டியதெல்லாம் ஒரு காகிதத்தில் இரண்டு கையெழுத்து.

மேடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்.

“அவ செவுரும் என் செவுரும் ஒண்ணா? அதுக்கு நான் கடல் மேலயே பாய் விரிச்சிக்குவேன்” என்றார் பூவம்மாள்.

“அந்தப் பக்கம் ஆணி அடிச்சா என் மண்டைலதான் எறங்கும். வாணாம் மேடம், பேஜாரு” என்றார் சரசு.

சரி, நாலரையடிதான் வரும், காலை நீட்ட வராது என்று பூவம்மாளிடம் மேடம் உண்மையைச் சொன்னார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். பூவம்மாள் கோபிக்கவில்லை. “பரவால்ல மேடம். மடக்கிக்கிறேன். பழக்கம்தானே” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் ‘பழக்கம்தானே’ மேடத்தை ரொம்பவும் படுத்திவிட்டது. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. அன்று டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. அளவுகோலை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார். வரைபடத்தைத் திங்கட்கிழமை அனுமதிக்கு அனுப்பியாக வேண்டும். அடுத்த புதன்கிழமை இரண்டு மனைக்கும் பூமி பூஜை. ஒரு மனுஷி ஆயுசில் முதன்முதலாகக் கட்டும் வீட்டிலும் காலை மடக்கிக்கொண்டே உட்காரப் போகிறாள். அந்தக் கோட்டைப் போடப்போவது தன் கை. இந்த நினைப்போடு சனிக்கிழமை சாயங்காலம் ஆபேலைக் கூப்பிட்டார். “நாளைக்கு மாவு வீடு. ரெண்டு பேரையும் வரச் சொல்லிடுங்க.”

“ரெண்டு பேரையுமா மேடம்? ஒரே நாள்லயா?”

“நான் அப்படியா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு மேடம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் எப்படிச் சொன்னார் என்பதில் அலுவலகத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நீளச்சுவர் நான்கு. ஒரு சுவருக்கு ஒரு படி மாவு. ஆபேல் நான்கு படி வாங்கி வந்தார். ஆனால் மூன்று கோடு போட்டதுமே மாவு தீர்ந்துவிட்டது! நடுவே இரண்டு சுவரும் மூன்றடி இடைவெளியும் வர வேண்டிய இடத்தில், எல்லைமேல் ஒரே ஒரு கோடுதான் போட முடிந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் மேடம் செய்த ஒரே தவறு இது என்று கோப்பில் பதிவாகியிருக்கிறது. நான்காவது படி மேடத்தின் டிபன் பையில் இருந்தது என்று ஆபேல் சொல்வதை நாங்கள் யாரும் நம்புவதில்லை. அந்த மாதம் முழுக்க மேடம் வீட்டு வாசலில் கோலம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

பூவம்மாள் கிழக்கிலிருந்து வந்தார். சரசு மேற்கிலிருந்து வந்தார். பார்த்ததும் இருவர் முகமும் காய்ந்த கருவாடாயிற்று. திரும்பிப் போக இருவருக்கும் கால் எழுந்தது. அவள் பார்க்கத் திரும்பிப் போவதா என்று இருவருக்கும் ரோஷம் வந்து, இருவரும் உள்ளே போனார்கள். லோகு தன் உடன்பிறந்த தம்பியைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, “நீங்க எந்த ஊருண்ணா?” என்று கேட்டார். “பக்கத்துலதாங்க” என்றார் குமரவேல்.

ஆபேல் விசிலை ஊதிச் சட்டத்தை வாசித்தார். கோடு என்றால் சுவர். சுவருக்கு அப்பால் தெரியாது. இந்தச் சட்டத்தை இத்தனை சந்தோஷமாக வரவேற்ற குடும்பங்களை நாங்கள் கண்டதில்லை.

முதலில் சரசு கூடையை இடுப்பில் வைத்து ஒரு சுற்று திரும்பினார். இடிக்கவில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு சுற்று. பிறகு அந்தப் பக்கமாக ஒரு சுற்று. ஒன்பதாவது சுற்றில் குமரவேல் கூடையைப் பிடுங்கி வைத்தார். இந்தப் பக்கம் பூவம்மாள் காலை நீட்டினார். எதிரே வழி இருந்தது. லோகுவை ஒரு வாளித் தண்ணீரோடு குறுக்கே நடக்கச் சொன்னார். நடந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்ப நடக்கச் சொன்னார். பதினோரு தடவை நடந்த பிறகு லோகு, “இன்னாமே, தண்ணி லாரியா நானு?” என்றார்.

“மேடம், நாலரையடின்னு சொன்னீங்க. அகலமா கீதே?” என்றார் பூவம்மாள்.

“பாத்துட்டு சொல்றேம்மா” என்றார் மேடம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறை. சாய்ந்து உட்கார வேண்டும் என்பதுதான் பூவம்மாளின் ஆசை. மாவுக் கோட்டில் எப்படிச் சாய்வது? நிமிர்ந்த முதுகோடு மத்தியானம்வரை வீம்பாக உட்கார்ந்திருந்தார். மூன்று மணிவாக்கில், சுற்றிக் களைத்த சரசு தன் பக்கத்துச் சுவரோரம் வந்து அப்பாடா என்று உட்கார்ந்தார். இருவருக்கும் முதுகு தளர்ந்தது. தளர்ந்த முதுகுகள் கோட்டின் மேல் சந்தித்தன. சபையோரே, அங்கே இருந்த அத்தனை பேரும் மூச்சை நிறுத்திவிட்டோம். இருவரும் அசையவில்லை.

“மேடம்,” என்றார் பூவம்மாள் நேரே பார்த்தபடி, “செவுரு நல்லா கெட்டியா கீது.”

“முக்காலடிச் சுவரும்மா.”

“கொஞ்சம் சூடா கீதே?”

“மேற்கு வெயில்.”

அந்தப் பக்கத்திலிருந்து சரசு, “மேடம், எனுக்குச் செவுரு ஆடற மாரி கீது” என்றார்.

“புதுச் சுவர் அப்படித்தான். தண்ணி காட்டினா நிக்கும்” என்று சொல்லிவிட்டு, மேடம் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்தார்கள். சுவர் நின்றது.

பூவம்மாள் எதிரே வானத்தைப் பார்த்துக்கொண்டு, “ஏ செவுரு, உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். நூறு பேர் நடுவுல ஒருத்தி என் நெத்திலில மண்ணு கீதுன்னா. நல்லா கீதா அது?” என்றார்.

சுவர் கொஞ்சம் யோசித்தது. “மண்ணு இருந்துச்சி” என்றது.

“மேடம், செவுரு பேசுது!”

“பூச்சு போடலம்மா இன்னும். சத்தம் வரத்தான் செய்யும்.”

“மண்ணு இருந்துச்சி,” என்றது சுவர் மறுபடி. “ஆனா மூணு வாட்டி போட்டுகினு துன்னேன். அத்த எவளும் சொல்லல உன்னாண்ட.”

பூவம்மாளின் முதுகு குலுங்கியது. சிரிப்பா என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் குலுங்கியதில் அந்தப் பக்க முதுகும் குலுங்கியது. லோகுவும் குமரவேலும் தரையில் எறும்பு எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

மேடத்துக்கு இதுதான் நேரம் என்று பட்டது. முன்னே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, “ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. மாவு பத்தல. நடுவுல மூணடி சந்து விடணும், விட மறந்துட்டேன். உங்க ரெண்டு பேர் வீடும் இவ்வளவு வசதியா இருக்கிறது அதனாலதான். இப்ப சரியா போட்டுடறேன். கொஞ்சம் எழுந்திரிங்க” என்றார். கையில் ஒரு பிடி மாவு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எழுந்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. இவர் எழுந்தால் அவர் மல்லாந்து விழுவார். அவர் எழுந்தால் இவர் விழுவார். சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆபேல் விசிலை வாயில் வைத்தபடி மறந்து நின்றார். சேலையூர்ச் சாலையில் போன பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை. மேடத்தின் கையிலிருந்த மாவு விரலிடுக்கில் கசிந்துகொண்டே இருந்தது. மாட்டேன் என்று ஒருத்தி விருட்டென்று எழுந்துவிட்டால், நாளைக் காலையில் நாலரையடிக்கு இரண்டு ரயில்பெட்டி வரைய வேண்டும். பூவம்மாள் ஆயுசுக்கும் காலை மடக்க வேண்டும்.

அப்போது சரசு, கழுத்தைத் திருப்பாமல், சின்னக் குரலில் சொன்னார்:

“அக்கா. ஒண்ணா எழுந்திரிக்கலாமா?”

பூவம்மாள் நீட்டிய காலை ஒருமுறை பார்த்தார். எதிரே இருந்த வழியைப் பார்த்தார்.

“எதுக்குடி எழுந்திரிக்கணும்?” என்றார். “இப்பத்தானே காலை நீட்டிகீறேன். மேடம், அந்தக் காயிதத்த இங்கியே எடுத்துகினு வாங்க. உக்காந்துகினே போடறோம் கையெழுத்து.”

அப்படித்தான் போட்டார்கள். முதுகை எடுக்காமலே பூவம்மாள் போட்டு, தலைக்கு மேலாகக் காகிதத்தை அந்தப் பக்கம் நீட்ட, சரசு வாங்கிப் போட்டார். காகிதம் கோட்டைத் தாண்டிப் போவதைக் கண்டு ஆபேல் கடமை தவறாமல் விசிலை ஊதினார். “யோவ், செவுத்துல ஜன்னலு கீதுய்யா, போய்யா!” என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு, “மூணு சொல்லு சரசு” என்றார் பூவம்மாள். சரசு மூன்று சொல்ல, முதுகோடு முதுகு ஊன்றி, ஓரகத்திகள் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். மேடம் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கால்மணி நேரம் துடைத்தார்.

இப்படி உருவானதுதான், ஒன்பதடிக்குள் உலகையே உட்காரவைத்த அந்த ஒற்றைச் சுவர்! என்னே அதன் நேர்த்தி! என்னே அதன் நிமிர்வு! பெருமழையில் ஒரு சொட்டு ஈரம் அதில் ஏறியதில்லை. பெருவெயிலில் ஒரு கீறல் அதில் விழுந்ததில்லை. அதில் ஆணி அடிக்க மனம் வராமல் இரண்டு குடும்பத்தாரும் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டே தேதி பார்க்கிறார்கள். பல்லிகள் அதன் மேல் ஏறும்போது அடக்கமாக நடக்கின்றன. வெளியூர்களிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் பஸ் பிடித்து வந்து, அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். குறுகிய மனைக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் முதலில் சொல்வதே, “எங்களுக்கும் அந்த மாதிரி ஒரு சுவர்” என்பதுதான்.

வேதா மேடமே! இனி உங்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். இனிமேல் திருத்த முடியாது. மூன்றடியில் முன்றிலும் நான்கடியில் நடையும் கண்ட கரங்களே, இனி அளவு நாடாவைக் கீழே வையுங்கள். எங்கள் முழங்கைகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் அளந்த கண்களே, இனி சிட்லபாக்கம் ஏரிக்கரையில் அளவேயில்லாத வானத்தைப் பாருங்கள். நீங்கள் நீட்டும் காலுக்கு எதிரே எந்நாளும் வழி இருக்கட்டும். சாயும் முதுகுக்கு ஆதரவு இருக்கட்டும். சர்க்கரை ஏறாமல் இருக்கட்டும். முட்டி தேயாமல் இருக்கட்டும். நூறாண்டுக்குக் குறைவாக உங்கள் ஆயுளை வரைய யாருக்கும் அனுமதி கிடைக்காமல் போகட்டும். நீங்கள் இல்லாத மேசையில் நாங்கள் கொஞ்சம் இடித்துக்கொள்வோம். பரவாயில்லை, அளந்து சரிசெய்துகொள்கிறோம்.

என்றும் உங்கள் கோட்டுக்குள் நின்று நடந்த,
நிறுவனர் சாம்பசிவன், ஆபேல், ஹேமாவதி மற்றும் பணியாளர்கள்,
நேர்கோடு கட்டட வரைவகம், சேலையூர்.

இம்மடல் சட்டம் போடப் போகும்முன் கோப்பைச் சரிபார்த்ததில் கண்டது: புதன்கிழமை பூமி பூஜையன்று பூவம்மாளும் சரசுவும் சேர்ந்து வந்து கேட்டுக்கொண்டபடி, மேற்படி நடுச்சுவர் கட்டப்படவே இல்லை.